ஏர்சாஃப்ட் ஸ்னைப்பர் துப்பாக்கி: எதை வாங்கலாம், எதை முதலில் மாற்றலாம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கென்ட் பக்கத்துக் காட்டு மைதானத்தில் ஆட்டம் முடிந்து, காரின் பின்கதவைத் திறந்துவைத்துச் சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சித்தி மகன் பக்கத்தில் வந்து நின்று போனை நீட்டினான்.

"அண்ணா, இந்த நாலுல எத வாங்கட்டும்? கையில நானூறு பவுண்டு இருக்கு."

திரையில் டோக்கியோ மாருய் விஎஸ்ஆர்-10, ஆக்‌ஷன் ஆர்மி டி10, நோவ்ரிட்ச் எஸ்எஸ்ஜி10, சில்வர்பேக் டாக்-41 என்று நான்கு படங்கள். நான்கும் நல்ல துப்பாக்கிகள்தான்.

"நானூறையும் துப்பாக்கிக்கே போட்டுடாதடா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீடு வந்து சேரும்வரை காரில் அவனுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏர்சாஃப்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கிகளை வைத்து, இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும் ஆட்டம் இது. பெயிண்ட்பால் மாதிரி சாயம் ஒட்டாது. அதனால் அடிபட்டவர் தானே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லி வெளியேற வேண்டும். ஆட்டமே நேர்மையை நம்பித்தான் நடக்கிறது. பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது பேட்டரியில் ஓடும் ஏஇஜி துப்பாக்கி. ஸ்னைப்பர் என்பது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுவது.

நான் பேசுவது பிரிட்டனில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருந்தாலே வழக்கு. வேறு ஊரில் இருந்து படிப்பவர்கள் முதலில் அங்குள்ள சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொன்றாகச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கு உச்சவரம்பு 2.5 ஜூல், தொடர்ந்து சுடுவதற்கு 1.3 ஜூல். அதைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது ஏர்சாஃப்டே இல்லை. நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் ஒன்றை வாங்க 18 வயதும் தகுந்த காரணமும் வேண்டும். காரணத்தைக் காட்ட எல்லோரும் நம்புவது உகாரா (பிரிட்டன் ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கம்) பதிவைத்தான். ஒரு மைதானத்தில் 56 நாளுக்குக் குறையாத காலத்தில் குறைந்தது மூன்று ஆட்டம் ஆடியிருந்தால் அந்தப் பதிவு கிடைக்கும். தம்பிக்கு 19 வயது, பதிவு இருக்கிறது. பதிவு இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம். அந்த மூன்று ஆட்டத்தை வாடகைத் துப்பாக்கியில் ஆடுங்கள். ஸ்னைப்பர் உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு

பெரும்பாலான மைதானங்களில் ஏஇஜிக்கு வரம்பு 350 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை அடி என்ற வேகம்), போல்ட் ஸ்னைப்பருக்கு 500. இரண்டும் 0.20 கிராம் குண்டு போட்டு அளப்பது. ஜூலில் சொன்னால் சுமார் 1.14, சுமார் 2.32. இந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும் "ஆஹா, இரண்டு மடங்கு சக்தி, இரண்டு மடங்கு தூரம்" என்று மனம் குதிக்கும். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

களத்தில் நடப்பது வேறு. நன்றாகச் சரிசெய்த ஏஇஜி 50, 60 மீட்டருக்கு ஆளைத் தொடும். நன்றாகச் சரிசெய்த ஸ்னைப்பர் 70, 80 மீட்டருக்குத் தொடும். ஸ்னைப்பருக்குக் கூடுதலாகக் கிடைப்பது அந்த இருபது மீட்டர்தான். அதற்கு ஈடாக நாம் நிறைய விட்டுக்கொடுக்கிறோம். 30 மீட்டருக்குள் இருப்பவரைச் சுடக் கூடாது என்பது பெரும்பாலான மைதானங்களின் விதி. அதற்குள் வந்தவருக்குக் கைத்துப்பாக்கியை எடுக்க வேண்டும். ஒரு குண்டு தவறினால் அடுத்ததற்கு போல்ட்டை இழுக்க வேண்டும், அந்தச் சத்தத்தில் இருக்கும் இடம் தெரிந்துவிடும். சரிசெய்யாத ஸ்னைப்பரோ 50 மீட்டரிலேயே இடமும் வலமும் சிதறும். அதை வைத்திருப்பவரிடம் ஏஇஜிக்காரரை மிஞ்சுகிற எதுவுமே இல்லை.

அப்புறம் குண்டின் எடை. பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, யாரும் இதற்குப் போதிய கவனம் கொடுப்பதில்லை. அதே 2.32 ஜூலில் 0.20 கிராம் குண்டு நொடிக்கு 152 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 0.45 கிராம் குண்டு 101 மீட்டர் வேகத்தில்தான் கிளம்பும், அதாவது சுமார் 333 எஃப்பிஎஸ். பார்க்க மெதுவாகத் தோன்றும். காற்றின் தடையைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 மீட்டருக்குள்ளேயே கனமான குண்டு இலேசானதை முந்திவிடுகிறது. 70 மீட்டருக்குப் போய்ச் சேர 0.45 கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேலே ஆகும், 0.20-க்கு இரண்டு நொடிக்கு மேல். போய்ச் சேரும்போது இலேசான குண்டில் வேகமே மிச்சமிருக்காது. ஒரு இலை பட்டால் திசை மாறிவிடும், சின்னக் காற்றுக்கும் ஒதுங்கிவிடும்.

ஆகவே ஸ்னைப்பரின் நோக்கமே கனமான குண்டை ஒரே மாதிரி சுழலவைத்து, ஒரே மாதிரி வேகத்தில், திரும்பத் திரும்ப அனுப்புவதுதான். சக்தி அதற்கு ஒரு துணை. வேகம் 500-ஐத் தொட்டும் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போனால் பயனில்லை. எதை வாங்குவது, எதை மாற்றுவது என்ற இரண்டு கேள்விக்கும் நான் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பதில் சொல்வேன்.

விஎஸ்ஆரும் அதன் குடும்பமும்

ஸ்னைப்பர் உலகத்தில் விஎஸ்ஆர்-10 ஒரு துப்பாக்கி மட்டும் இல்லை, ஓர் அளவுகோல். டோக்கியோ மாருய் செய்த அந்த அமைப்பைப் பார்த்துத்தான் மற்ற நிறுவனங்கள் தங்கள் துப்பாக்கியையும் உதிரிப் பாகங்களையும் செய்கின்றன. குண்டைச் சுழலவைக்கும் ஹாப்-அப் ரப்பரோ, ட்ரிகரோ, காற்றைத் தள்ளும் பிஸ்டனோ, குண்டு ஓடும் உள் பேரலோ, எதைத் தேடினாலும் விஎஸ்ஆருக்கு என்று பத்து வகை கிடைக்கும். ஒரு பாகம் உடைந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடலாம்.

மாருய் தயாரிப்பின் பலம் அதன் நேர்த்தி. பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே ஹாப்-அப் சீராக வேலை செய்யும். ஆனால் அது ஜப்பானுக்காகச் செய்தது. அங்கே சட்ட வரம்பு ஒரு ஜூலுக்கும் கீழே, 0.98. அதனால் மாருய் விஎஸ்ஆர் 280 எஃப்பிஎஸ் அளவில்தான் சுடும். ட்ரிகரும் பிஸ்டனும் அந்த மெல்லிய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடிதான் இருக்கும். இதில் 500 எஃப்பிஎஸ் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால் என்ன ஆகும்?

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். என் முதல் ஸ்னைப்பர், விஎஸ்ஆர் அமைப்பில் வேறொரு நிறுவனம் செய்த மலிவுப் பதிப்பு. வாங்கிய மறுவாரமே கனமான ஸ்பிரிங் போட்டேன். ட்ரிகரை மாற்றவில்லை, காசு போதவில்லை. நாலாவது ஆட்டத்தில் போல்ட்டைத் தள்ளி மூடும்போதே, ட்ரிகரைத் தொடாமலேயே குண்டு வெளியே போனது. நல்லவேளையாகப் பேரல் தரையைப் பார்த்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் சியரின் விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தது. பழைய அமைப்பில் பிஸ்டனின் பிடிப்பு 45 டிகிரி சாய்வில் இருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ, அவ்வளவுக்குச் சியர் கீழ்நோக்கி வழுக்கும், தேயும். கனமான ஸ்பிரிங்குக்கு 90 டிகிரி பிடிப்புள்ள ட்ரிகரும் அதற்கேற்ற பிஸ்டனும் வேண்டும், அல்லது 45 டிகிரிக்கே கெட்டியான எஃகில் செய்த நல்ல ட்ரிகர் வேண்டும். ஸ்பிரிங், ட்ரிகர், பிஸ்டன், ஸ்பிரிங் கைடு நான்கும் ஒரு குடும்பம். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

ஆகவே மாருய் வாங்குகிறவர் துப்பாக்கிக்குக் கொடுக்கும் காசுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு மடங்கை உள்ளே போட வேண்டியிருக்கும். யானை வாங்கியவர் அங்குசத்துக்கும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆற அமர ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துத் தன் கையால் ஒரு துப்பாக்கியை உருவாக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அடுத்த மாதமே களத்தில் நிற்க நினைப்பவருக்கு இது சரிவராது.

மலிவுப் பதிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜேஜி பார்-10, சைமா சிஎம்701 போன்றவை சுமார் 100 பவுண்டில் கிடைக்கும். விஎஸ்ஆர் உதிரிகள் பெரும்பாலும் பொருந்தும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், சில இடங்களில் அரம் எடுத்துத் தேய்க்க வேண்டிவரும். கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடுகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். வெளிக்கூடு எதுவாக இருந்தாலும் குண்டுக்குத் தெரியப்போவதில்லை. நல்ல ரப்பர், நல்ல பேரல், நல்ல குண்டு போட்ட 100 பவுண்டுத் துப்பாக்கி, பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த 400 பவுண்டுத் துப்பாக்கியோடு தோளுக்குத் தோள் நிற்கும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆக்‌ஷன் ஆர்மி டி10-ஐ நான் இந்தக் குடும்பத்தின் நடுப்பிள்ளை என்பேன். தைவான் தயாரிப்பு. 90 டிகிரி பிடிப்புள்ள ட்ரிகர் கூடவே வருகிறது. மேம்படுத்தும் பாகங்களையே தொழிலாகச் செய்துகொண்டிருந்த நிறுவனம் என்பதால் உள்ளே இருப்பவை கனமான ஸ்பிரிங்கைத் தாங்கும். தோளில் வைக்கும் கட்டையின் நீளத்தையும் கன்னம் வைக்கும் இடத்தின் உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். குள்ளமானவர்களும் முகமூடியோடு ஆடுகிறவர்களும் கடையில் ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். டி11 அதன் குட்டைத் தம்பி, புதருக்குள் நுழைந்து போகிறவர்களுக்கு.

எஸ்எஸ்ஜி10, ஆஸ்திரியாவின் நோவ்ரிட்ச் விற்பது. இதுவும் விஎஸ்ஆர் வழிதான். உங்கள் மைதானத்தின் ஜூல் வரம்பைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு வாங்கலாம். வாங்கிய அன்றே ஆடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. பிரித்து மாட்டுவதில் ஆர்வம் இல்லாதவர்கள், வேலை வீடு பிள்ளைகள் என்று ஞாயிறு மட்டுமே கிடைக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து இதை வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

சில்வர்பேக்: வேறு வழி

சில்வர்பேக் ஹாங்காங் நிறுவனம். அதன் எஸ்ஆர்எஸ் துப்பாக்கி புல்பப் அமைப்பு, அதாவது ட்ரிகருக்குப் பின்னால்தான் இயந்திரமே இருக்கிறது. அதனால் நீளமான பேரல் வைத்தும் மொத்த நீளம் குறைவு. அடர்ந்த காட்டில் மரத்துக்கு மரம் நகரும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கட்டுமானம் பாறை மாதிரி. ஆனால் 500 பவுண்டுக்கு மேலே போகும், எடையும் தோளில் தெரியும். போல்ட் கன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை இழுக்கத் தனிப் பழக்கம் வேண்டும். ஒருவர் கொடுத்து அரை நாள் ஆடிப் பார்த்தேன். சுடுவது அருமை. ஆனால் படுத்துக்கொண்டு போல்ட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. எனக்கு அது ஒத்துவரவில்லை. உங்களுக்கு ஒத்துவரலாம். வாங்கும் முன் யாரிடமாவது வாங்கி அரை நாளாவது ஆடிப் பாருங்கள்.

டாக்-41 அதே நிறுவனத்தின் பின்னாள் தயாரிப்பு. வழக்கமான வடிவம், எஸ்ஆர்எஸ்ஸை விட விலை குறைவு. நிஜத் துப்பாக்கி எதையும் நகலெடுக்காமல் ஏர்சாஃப்டுக்கென்றே யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது கையில் எடுத்தவுடன் தெரியும். தம்பியின் பட்டியலில் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நன்றாகச் சுடக்கூடியது எது என்று மட்டும் கேட்டால் இதைத்தான் கைகாட்டுவேன். ஆனால் உள் பாகங்களில் பல அதற்கே உரியவை. விஎஸ்ஆர் கடலில் மீன் பிடிப்பது போல இதற்குத் தேட முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாக. ஏரஸ் அமீபா ஸ்ட்ரைக்கர் விலைக்கு நல்ல துப்பாக்கி, உதிரித் தெரிவு குறைவு. எல்96 வடிவத் துப்பாக்கிகள் படத்தில் கம்பீரமாக இருக்கும், ஆனால் மலிவுப் பதிப்புகளில் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாததால் பாகம் தேடுவது பெரும்பாடு. வாயுவில் ஓடும் ஸ்னைப்பர்களின் அழுத்தம் வெயிலுக்கும் குளிருக்கும் ஏறி இறங்கும். காலையில் 420 எஃப்பிஎஸ், மதியம் 480 என்று காட்டினால் எந்த இடத்தில் குறிவைப்பது? பிரிட்டன் வானிலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விஎஸ்ஆரில் மேன்கிராஃப்ட் எஸ்டிக் போன்ற பொறியைப் பொருத்தி அழுத்தக் காற்றில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போல்ட் பூப்போல நகரும், சத்தமும் குறைவு. ஆனால் குழாயும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்துவரும், மைதானத்தில் ரெகுலேட்டருக்குப் பூட்டும் கேட்பார்கள். முதல் துப்பாக்கிக்கு அது அகலக்கால்.

எதை முதலில் மாற்றுவது

வரிசை முக்கியம். என் வரிசை இது: குண்டு, ஹாப்-அப் ரப்பர், காற்றுக் கசிவு, பேரல், அதற்கப்புறம்தான் ட்ரிகரும் ஸ்பிரிங்கும். கடைசியாக ஸ்கோப். புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாக ஸ்கோப்பில் ஆரம்பிக்கிறார்கள்.

குண்டைப் பற்றி மேலே சொன்னேன். 0.40-இல் தொடங்கி 0.43, 0.45, 0.48 என்று வாங்கிச் சுட்டுப் பாருங்கள். உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். காட்டு மைதானங்களில் மட்கும் குண்டுதான் அனுமதி. அது ஈரத்தை இழுக்கும், பையைத் திறந்தால் இறுக மூடிவையுங்கள். ஏஇஜிக்காரர் ஒரு நாளில் இரண்டாயிரம் குண்டு சுடுவார், ஸ்னைப்பருக்கு நூறே அதிகம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஹாப்-அப் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் துப்பாக்கியின் உயிர் அங்கேதான். பேரலின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு விரற்கடை ரப்பர்க் குழாய் அது. உள்ளே மேல்பக்கத்தில் ஒரு சின்ன மேடு. குண்டு அதை உரசிக்கொண்டு போகும்போது பின்பக்கமாகச் சுழலும். அந்தச் சுழற்சி காற்றில் குண்டைத் தூக்கிப் பிடிக்கும், மேக்னஸ் விளைவு என்பார்கள். மேடு மிகச் சரியாக உச்சியில் இருந்து இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் குண்டு நேராகப் போகும். தலைமுடி அளவு ஒரு பக்கம் சாய்ந்தாலும் 60 மீட்டரில் ஒரு ஆள் அகலம் விலகும்.

மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் மேக்கரான், ஆட்டோபாட் ரப்பர்கள் இங்கே எல்லோர் கையிலும் இருக்கின்றன. விலை பத்துப் பதினைந்து பவுண்டு. 50 முதல் 80 டிகிரி வரை கடினத்தில் வரும். சக்தி கூடக் கூடக் கடினமும் கூட வேண்டும் என்பது பொதுவிதி, 500 எஃப்பிஎஸ்ஸுக்கு 70 அல்லது 75. ஆனால் ரப்பர் குளிரில் இறுகும். ஜனவரியில் உறைபனி மேல் படுத்து ஆடுகிற எனக்கு 60 டிகிரிதான் கனமான குண்டைத் தூக்குகிறது. கோடையில் 70-க்கு மாறிவிடுவேன். வாங்கும்போது கவனியுங்கள், விஎஸ்ஆர் ரப்பர் வேறு, ஏஇஜி ரப்பர் வேறு. ஒன்று மற்றொன்றில் உட்காராது.

மாருய் அமைப்பில் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோல்தான் மேட்டை அழுத்துகிறது. அது கொஞ்சம் ஆடும். உச்சியிலிருந்து நேர்கீழாக ஒரு திருகால் அழுத்தும் அமைப்பை டிடிசி என்கிறார்கள். அதைப் பொருத்திய பிறகுதான் என் துப்பாக்கி முதன்முறையாகச் சொன்ன பேச்சு கேட்டது.

அடுத்தது காற்றுக் கசிவு. இதற்குச் செலவு ஒரு பவுண்டு, பொறுமை ஒரு ராத்திரி. சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, பிஸ்டனைப் பின்னால் இழுத்து, முன்முனைத் துளையை விரலால் அடைத்து பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். நன்றாக அடைத்திருந்தால் காற்றுமெத்தையை அழுத்துவதுபோல எதிர்த்து நிற்கும், விட்டால் பின்னால் வரும். கசிந்தால் உஸ்ஸென்று மெல்ல உள்ளே போய்விடும். நான் ஒரு ராத்திரி சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து இதைச் செய்தேன். பிஸ்டன் தலையில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து, அதன் பள்ளத்தில் குழாய் வேலைக்கு வைத்திருக்கும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, மேலே ஓ-ரிங்கைப் போட்டு, சிலிகான் கிரீஸை விரல்நுனியில் எடுத்துத் தடவினேன். பெட்ரோலியக் கிரீஸ் கூடாது, அது ரப்பரைக் கெடுத்துவிடும். ரப்பரும் பேரலும் சேருமிடத்திலும் அதே டேப் ஒரு சுற்று. வேறு எதையும் மாற்றவில்லை. அதுவரை வேகமானியில் ஐந்து குண்டுக்கு 20 எஃப்பிஎஸ் வித்தியாசம் காட்டிய துப்பாக்கி, அடுத்த ஞாயிறு ஐந்து குண்டுக்கு 4 எஃப்பிஎஸ்ஸுக்குள் நின்றது. மேலும் கீழும் சிதறுவது அத்தோடு நின்றது. இன்றுவரை துப்பாக்கிக்கு நான் செய்ததில் அந்த ஒரு பவுண்டுக்கு ஈடான செலவு இல்லை.

பேரல் விஷயத்தில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. நீளம் கூடினால் குறி கூடும் என்பது ஒன்று. கூடாது. மாருய் விஎஸ்ஆரின் 430 மில்லிமீட்டரே தாராளம், 303 மில்லிமீட்டர் பேரலுள்ள அதன் குட்டைப் பதிப்பு ஜி-ஸ்பெக்கும் அருமையாகச் சுடும். விட்டம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பது இன்னொன்று. குண்டு 5.95 மில்லிமீட்டர். 6.01 பேரலில் தூசி ஒன்று ஒட்டினாலே குண்டு தடுமாறும். 6.03 போதும், உள்பூச்சு வழவழப்பாக இருப்பதுதான் முக்கியம். உள் பேரல் வெளிப் பேரலுக்குள் ஆடாமல் இருக்க ஸ்பேசர் வளையங்கள் போடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஐசோபுரொப்பைல் தொட்ட துணியால் உள்ளே துடையுங்கள். சிலிகான் எண்ணெய் ஒரு துளி ரப்பருக்குள் போனாலும் குண்டு சுழலாமல் வழுக்கிப் போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ட்ரிகர், பிஸ்டன், ஸ்பிரிங். இங்கே ஒரு யோசனை. வரம்பு 2.32 ஜூல் என்றால் அதன் விளிம்பிலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. 2 ஜூலில் 0.45 கிராம் குண்டின் வேகம் நொடிக்கு 94 மீட்டர். அதாவது நூற்றுக்கு ஏழு பங்குதான் குறைகிறது. ஆனால் போல்ட்டை இழுப்பது எவ்வளவோ இலகு. படுத்த நிலையில் உடம்பு அசையாமல் இழுக்க முடிகிறது, ட்ரிகரும் நாள்பட நிற்கிறது. மாலைக்குள் தோள் ஓய்ந்துபோவதில்லை. வேகமானியிலும் பயமின்றி நிற்கலாம். நான் இப்போது 2.1-இல்தான் ஆடுகிறேன்.

ஸ்கோப்புக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3-9 பெருக்கம் போதும், பெரும்பாலும் 3, 4-லேயே இருப்பீர்கள். கண்ணாடிக்கு முன்னால் பாலிகார்பனேட் மூடி கட்டாயம், ஒரு குண்டு பட்டால் லென்ஸ் போய்விடும். நம் கண்ணுக்கும் அப்படித்தான், முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடியை, யாரும் சுடாத சேஃப் ஸோனுக்கு வெளியே ஒரு நொடிகூடக் கழற்றாதீர்கள். வியர்த்துக் கண்ணாடியில் பனி படிந்தாலும் நடந்து வெளியே போய்த்தான் துடைக்க வேண்டும். துப்பாக்கியை எப்போதும் மூடிய பையில் வைத்தே கொண்டுபோங்கள். ரயிலிலோ தெருவிலோ அதைப் பார்ப்பவருக்கு அது விளையாட்டுச் சாமான் என்று தெரியாது.

தம்பியின் நானூறுக்கு வருவோம். அவனுக்குக் கைவேலையில் ஆர்வம் உண்டு. சைக்கிளைப் பிரித்து மாட்டுகிறவன். நேரமும் இருக்கிறது. அதனால் டாக்-41 வேண்டாம் என்றேன், காசு முழுக்க அதிலேயே போய்விடும். மாருய் வாங்கினால் உள்ளே மாற்றி முடிக்கும்போது நானூறு தாண்டிவிடும். எஸ்எஸ்ஜி10-இல் அவன் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் கொஞ்சம் அடிபட்ட, ஆனால் உள்ளே சுத்தமான ஒரு டி10-ஐ செகண்ட்ஹேண்ட் விலைக்குப் பிடித்தோம். மிச்சக் காசில் 60, 70 டிகிரியில் இரண்டு ரப்பர், ஒரு 6.03 பேரல், மூன்று எடையில் குண்டு, பழைய கைத்துப்பாக்கி ஒன்று.

"ஸ்பிரிங் எப்பண்ணா மாத்தறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போதைக்கு 1.9 ஜூலில் வருகிறது, அப்படியே ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன ஞாயிறு, மைதானத்து வாசலில் வேகமானி மேஜை. மைதான நடுவரான மார்ஷல் அதில் குண்டின் எடையை 0.43 கிராம் என்று அமைத்துவிட்டுத் தலையசைத்தார். தம்பி ஐந்து முறை சுட்டான். 308, 309, 308, 307, 309. மார்ஷல் திரையை ஒருமுறை பார்த்து, துப்பாக்கியை ஒருமுறை பார்த்து, பச்சை டேக்கைக் கட்டிவிட்டார். தம்பி எதுவும் பேசவில்லை. அந்த எண்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டான்.